பதில் வரவேண்டிய இடம்

தணிகை அண்ணன் ஏசிய அமத்துன உடனே அந்த ரூம்ல ஒரு அமைதி வந்துச்சு பாருங்க, அந்த அமைதியப் பிடிச்சு நிறுத்தி நாலு அறை விடணும்போல இருந்துச்சு விண்ணரசிக்கு. அமைதியாம் அமைதி. சாலிகிராமத்துல ஒரு மாடி வீட்டுல, சுவரு பூரா பஞ்சு ஒட்டி, கதவிடுக்குல ரப்பர் வச்சு அடைச்சு, ஊறுகா மாதிரி போட்டு மூடி வச்ச அமைதி. வெளிய பதினொரு மணி வெயில் தெருவுல கொதிக்குது, ஆட்டோக்காரன் எவனோ எவனையோ திட்டிட்டுப் போயிருப்பான், உள்ள ஒரு மண்ணும் கேக்கல. ஹெட்ஃபோனுக்குள்ள அவ மூச்சு மட்டும் கேக்குது, யாரோ பக்கத்துல படுத்துக் கெடக்குற மாதிரி. மடியில கிடாரு. மூஞ்சிக்கு நேரா மைக்கு. எச்சி தெறிக்கக் கூடாதுன்னு அதுக்கு முன்னால ஒரு கறுப்பு வலை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தணிகை அண்ணன், இருவது வருசமா சாமிப் பாட்டும் சினிமா ட்ராக்கும் பதிவு பண்ணிப் பண்ணி, கேக்குறதுக்கு முன்னாடியே அலுத்துப்போற காது அவருக்கு. "மூணாவது டேக்கும்மா. கத்தாத. மைக்கு உன் லவ்வரு மாதிரி, மூஞ்சிக்கு மூஞ்சி நிக்குறான், மெதுவாச் சொன்னாலே கேக்கும்." "லவ்வர்னு ஒருத்தன் வந்தா அவன்கிட்டயும் கத்தித்தாண்ணே பேசுவேன்." "பாவம் அவன்," னு சிரிச்சாரு. இவ சிரிக்கல. இன்னைக்கு யார் சிரிச்சாலும் எரியுது. இந்தப் பதிவுக்குக் கூப்பிட்ட சேனல்காரங்க போன்ல பேசினப்பவும் இப்படித்தான் எரிஞ்சுச்சு. ஒரு கிடாரு, ஒரு குரலு, வேற எந்த வாத்தியமும் கூடாது, எல்லாத்தையும் உரிச்சுட்டு எலும்பு மட்டும் தெரியுற மாதிரி மூணு பாட்டு, அதுதான் எங்க நிகழ்ச்சின்னாங்க. ரெண்டு பாட்டு ஒம்பதரைக்கு வந்து பதினொண்ணுக்குள்ள முடிச்சுட்டா. இதுதான் மூணாவது. இதுக்காகத்தான் அவளயே கூப்பிட்டாங்க. அவ பேருக்குக் கீழ என்ன எழுதப் போறோம்னும் அனுப்பிட்டாங்க. 'மன்னிப்புக் கேட்காத பெண்.' அதப் படிச்சப்ப மட்டும் எரியல. வேற என்னமோ ஆச்சு, அது என்னன்னு அவ நின்னு பாக்கல.

இது ஒத்தையாப் பாடுறதுக்குப் பொறந்த பாட்டே இல்ல, அதான் கோவம். லா காலேஜ் போர்ட்டிகோல, ஸ்ட்ரைக்கோட நாலாம் நாள், முந்நூறு பேருக்கு நடுவுல பொறந்த பாட்டு இது. லேடீஸ் ஹாஸ்டல்ல இருக்குற ஒரே தண்ணிக் கொழாய்க்கு வார்டன் பூட்டுப் போட்டாங்க. காலைல ஏழு மணிக்குப் பூட்டினா சாயங்காலம் அஞ்சுக்குத்தான் தொறப்பாங்க. பெட்டிக்குப் போடுற மாதிரி ஒரு பித்தளைப் பூட்டு, அத விண்ணரசிதான் மொத மொத போட்டோ எடுத்து அனுப்பினா. சட்டம் படிக்கிற நூத்தியிருவது பொம்பளப் பிள்ளைங்க பக்கெட்ட வச்சுக்கிட்டு ஒரு பூட்டு முன்னால வரிசையில நிக்குது. அரசியலமைப்புச் சட்டம் இருவத்தி ஒண்ணாவது பிரிவுல வாழுற உரிமை இருக்குன்னு மத்தியானம் கிளாஸ்ல சொல்லுறீங்களே மேடம், அந்தப் பிரிவுக்குள்ள மூஞ்சி கழுவுறது வருமா வராதான்னு, கிளாசும் எடுக்குற அந்த வார்டன்கிட்டயே நேராக் கேட்டா. அதுல ஆரம்பிச்சது. அவ கேப்பா, கூட்டம் பதில் சொல்லும், அதான் பாட்டு. கொழாயில தண்ணி வருதா? வரல! கொழாய்க்குப் பூட்டு எதுக்கு? தெரியல! கேக்குறது யாரு? நாங்க! இன்னும் சத்தமாக் கேக்குறது யாரு? நாங்க! அந்த 'நாங்க'வ மொதல்ல எடுத்துக் குடுக்குறவன் கூடப் படிக்கிற இசக்கி. பக்கெட்டக் கவுத்துப் போட்டு அதுமேல ரெண்டு உள்ளங்கையாலயும் அடிப்பான், அந்த அடியில போர்ட்டிகோ தூண்ல இருக்குற புறா எல்லாம் எந்திரிச்சு ஓடும். அவ குரலு போயி இடிச்சு விழுறதுக்கு ஒரு சுவரு வேணும்ல, அந்தச் சுவரு அவன்தான். இப்ப இந்தப் பஞ்சுச் சுவத்துல மோதுனா எதுவும் திரும்பி வரல. முழுங்கிட்டுச் சும்மா நிக்குது.

பாடினா. கொழாயில தண்ணி வருதா, மெதுவா, அண்ணன் கேட்ட மாதிரியே காதலன்கிட்டச் சொல்ற மாதிரி, ஈ மைனர்ல ஒத்தக் கம்பியத் தட்டித் தட்டி. கொழாய்க்குப் பூட்டு எதுக்கு. கேக்குறது யாரு. நல்லாத்தான் போச்சு. அப்புறம் முந்தாநாள் உக்காந்து எழுதின புதுச் சரணம், அதுக்காகத்தான் இத்தன பாடும். கூடி நின்ன கூட்டம் எங்க. மொதக் கையெழுத்து யாரோடது. அங்க வந்து நின்னப்ப கை மட்டும் கம்பியத் தட்டிக்கிட்டே இருந்துச்சு, வாய் மூடிக்கிட்டு இருந்துச்சு, அப்புறம் அடுத்த வரி. கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துல இருந்து கை உசந்துச்சு. "நிறுத்தும்மா. ஏன் அங்க எட்டு எண்ணிக்கை சும்மா விடுற? வார்த்த மறந்துபோச்சா?" "விடலயே." "விட்ட." "விடலண்ணே, நான் பாடினது எனக்குத் தெரியாதா?" "அட, வக்கீலு. சாட்சி இருக்குது, கேளு," ன்னு ஓட விட்டாரு. அவர் சொன்னது உண்மைதான். கேள்விக்குப் பின்னால ஒவ்வொரு எடத்துலயும் எட்டு எண்ணிக்கைக்கு வெறும் கம்பி. வரல இல்ல, தெரியல இல்ல, நாங்க இல்ல. அவ வாய் அந்த எடத்தத் தானா விட்டுட்டுக் காத்துக்கிட்டு இருந்திருக்கு. மூணு டேக்கும் இப்படித்தான். "கச்சேரி பாடுறவங்க கைதட்டலுக்கு நிப்பாங்க, பாத்திருக்கேன். நீ யாருக்கு நிக்குற? ஸ்டூடியோல நானும் இந்த ஃபேனும்தான். ஃபேனையும் நிறுத்திட்டேன்." அவளுக்குக் காதுமடல் சுட்டுச்சு. நிக்குறேனா? நானா? எவனுக்காக? பயந்து ஓடினவங்களுக்காகவா? "முந்தின சரணத்துல விட்டா விட்டதும்மா, அழகாக்கூட இருக்குது. ஆனா கடைசிச் சரணத்துல பேப்பர்ல ஒரு பேரு எழுதியிருக்கியே. மொதக் கையெழுத்து யாரோடது, அடிக்கோடு, இசக்கி. யாரு அது, சாமியா?" "சாமி இல்லண்ணே. ஆசாமி." "அப்ப அந்த ஆசாமி பேரச் சொல்லு. அங்க நீ சொல்லாம விட்டா பாட்டு முடிஞ்ச மாதிரியே இல்ல." சொல்லத்தான் வந்தேன்ணே. அதச் சொல்லத்தானே பஸ் ஏறி இவ்வளவு தூரம் வந்தேன்.

இப்ப அவன் எழுதிக்கிட்டு இருப்பான். பத்து மணிக்குக் குடுத்திருப்பாங்க பேப்பர, ரெண்டாம் வருசம், ஒப்பந்தச் சட்டம், ஒரு மணி வரைக்கும். மூணாவது வரிசைல ஜன்னல் பக்கம், இசக்கிமுத்து, பேனாவ மூக்குல தட்டித் தட்டி யோசிப்பான், தெரிஞ்ச பதிலுக்கும் தட்டுவான், தெரியாத பதிலுக்கும் தட்டுவான். எழுதுல, நல்லா எழுது. மன்னிப்பு எழுதின கைதான, பரிச்சையும் எழுதட்டும். மன்னிப்பு எழுதிக் குடுத்தாத்தான் பரிச்சைன்னுட்டாங்க காலேஜ்ல, ஸ்ட்ரைக்கோட பதினெட்டாம் நாள் காலைல பிரின்சிபல் அவனத்தான் மொதல்ல உள்ள கூப்பிட்டாரு. பத்து நிமிசம். வெளிய வந்தப்ப அவன் மூஞ்சி ஒரு மாதிரி இருந்துச்சு, அவளப் பாத்தான், கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே நின்னான், என்னமோ சொல்லப் போறவன் மாதிரி வாயத் தொறந்து, "ஏட்டி, எங்கம்மா ஊர்ல இருந்து வந்திருக்கா. காலேஜ் கேட்டுப் பக்கத்துல நிக்கா. நான் எழுதிக் குடுத்துட்டேன்," னான். அவ்வளவுதான் சொன்னான். அவன் ஒருத்தன் எழுதினதும் மீதிப் பேரு ஆட்டு மந்தை மாதிரி போனாங்க. எதுத்தாப்புல இருக்குற ஜெராக்ஸ் கடைக்காரரு ஃபார்மட்டே எடுத்து வச்சிட்டாரு, பேரும் அப்பா பேரும் எழுதுற எடம் மட்டும் காலியா, கீழ பெற்றோர் கையொப்பம்னு புள்ளி புள்ளியா. அன்னைக்கு அவ என்ன சொன்னா? எல்லாரும் கேக்கத்தான் சொன்னா. "அம்மா வந்துட்டாளா? அப்ப போ, அவ முந்தானைக்குள்ள போயி ஒளிஞ்சுக்க. வக்கீல் ஆனதுக்கு அப்புறமும் ஜட்ஜு அதட்டினா அம்மாவக் கூட்டிட்டு வா." நாலஞ்சு பேரு சிரிச்சாங்க. அந்தச் சிரிப்புல இன்னும் ரெண்டு சொல்லலாம்னு தோணி இன்னும் ரெண்டு சொன்னா. கேட்டுப் பக்கத்துல ஒரு ரெட்டநாடி அம்மா, பையக் கைல பிடிச்சுக்கிட்டு, அவங்க காதுலயும் விழுந்திருக்கும், விழாம என்ன. அவ தொண்டைக்கு மைக்கே வேணாமே. அவன் கவுத்துப் போட்டிருந்த பக்கெட்ட எடுத்து நிமித்தி, கைப்பிடியச் சரி பண்ணி, ஹாஸ்டல் பிள்ளை ஒருத்தி கைல குடுத்துட்டுப் போயிட்டான். பதில் சொல்லியிருக்கலாம்ல? அவனும் வாய் உள்ளவன்தான. திருநெல்வேலிக்காரன் வாய்க்கு என்ன கொறச்சல்? ஒரு கெட்ட வார்த்தையாச்சும் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லல? இதுதான் ராத்திரி பகலா அறுக்குது. ஏன் சொல்லல?

"நாலாவது டேக்கு. பேரச் சொல்லிடு." சொல்றேன். ஈ மைனர். கொழாயில தண்ணி வருதா. வேர்வ முதுகுல எறும்பு மாதிரி எறங்குது. பூட்டு எதுக்கு. எழுதுறான், எழுதிக்கிட்டே இருக்கான். கூடி நின்ன கூட்டம் எங்க. கைல ஹால் டிக்கெட்டு, அத மேசையில வலது மூலைல வச்சிருப்பான், போட்டோல அவன் முழிக்குற முழி. மொதக் கையெழுத்து யாரோடது. இ, நாக்கு மேல போயி ஒட்டுச்சு, இ, எட்டு எண்ணிக்கையும் ஓடிப் போச்சு, கம்பி மட்டும் டங்கு டங்குன்னுச்சு. "அய்ய, என்னம்மா!" "தொண்ட கட்டுதுண்ணே." "தண்ணி குடி. வெந்நீர் பிளாஸ்க்குல இருக்குது." தொண்ட ஒண்ணும் கட்டல. முந்நூறு பேரு சத்தத்துக்கு மேல ஏறி நின்னு கத்தின தொண்ட, நாலு எழுத்துல கட்டிக்குமா? ஹால் டிக்கெட்டுன்னு நெனச்சதுதான் தப்பு. அந்த வார்த்த கிட்டப் போனாலே இப்படித்தான் ஆகுது. ஏன்னா அவளோடதும் ஒண்ணு இருக்கு. ஆபீஸ்ல, பச்சைக் கயிறு கட்டுன கட்டுக்குள்ள, போட்டோ ஒட்டி சீல் குத்தி, வந்து வாங்கிக்கன்னு எடுத்து வச்சிருக்கு. அது யாருக்கும் தெரியாது. ஹால் டிக்கெட் தரமாட்டேன்னுட்டாங்கன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கா, சேனல்காரங்ககிட்டயும் அதத்தான் சொன்னா, அதனாலதான் அந்த வரி, மன்னிப்புக் கேட்காத பெண். நான் என்ன பொய்யா சொன்னேன், போன வியாழக்கெழம ஆபீசுக்குப் போறப்ப தர மாட்டாங்கன்னு நெனச்சுத்தான போனேன். ஏன் தரலன்னு எழுத்து மூலமாக் குடுங்க, நான் கோர்ட்டுக்குப் போறேன்னு மேசையத் தட்டினா. அந்த கிளார்க் அம்மா, மூக்குக் கண்ணாடிய நெத்தியில ஏத்திக்கிட்டு, சாந்தமாத்தான் சொன்னாங்க. "உனக்கு என்ன கவலம்மா, உங்கப்பா அன்னைக்கே வந்து எழுதிக் குடுத்துட்டாரே. உன்னோடதுதான் ஒண்ணாம் நம்பரு." ஃபைலத் திருப்பிக் காட்டினாங்க. தேதி போட்டிருந்துச்சு. ஸ்ட்ரைக்கோட பதினோராம் நாள். இசக்கி போட்டதுக்கு ஏழு நாள் முன்னாடி. ஜெராக்ஸ் கடை ஃபார்மட் இல்ல, முழு வெள்ளைத் தாள்ல, கோடு போட்ட மாதிரி நேரா, அப்பாவோட கையெழுத்து. என் மகள் விண்ணரசி அறியாமல் செய்த பிழையைப் பொறுத்தருள வேண்டும்.

அறியாமலா? நானா? அறிஞ்சு அறிஞ்சு பண்ணேன்பா, ஒவ்வொண்ணும் அறிஞ்சு பண்ணேன். எங்கிருந்து கத்துக்கிட்டேன்னு நெனச்ச? தூத்துக்குடி ஹார்பர்ல கிரேன் ஓட்டுற சூசைன்னா எல்லாருக்கும் தெரியும், நாப்பது நாள் ஸ்ட்ரைக்குல ஒத்த ஆளாக் கேட்டுல உக்காந்திருந்தவரு, மாதா கோயில் சாமியார்கிட்டயே கோயில் வரிக் கணக்கக் காட்டுங்கன்னு பூசைக்கு நடுவுல எந்திரிச்சுக் கேட்டவரு, அதுக்கு மன்னிப்புக் கேக்கச் சொன்னப்ப ரெண்டு வருசம் கோயில் வாசப்படிய மிதிக்காதவரு. அவரு ராத்திரி பஸ்ஸு ஏறி, அவளுக்குத் தெரியாம, போர்ட்டிகோல அவ பாடிக்கிட்டு இருந்தப்பவே பின் கேட்டு வழியா உள்ள போயி, சட்டைப் பையில பேனா வச்சிருப்பாரு எப்பவும், அத எடுத்து, கேப்பு மூடியத் தொறந்து. பாட்டுச் சத்தம் கேட்டிருக்குமா அவருக்கு? கேக்குறது யாருன்னு பிள்ளை கத்துறது ஜன்னல் வழியா வந்திருக்கும், நாங்கன்னு முந்நூறு பேரு, அதக் கேட்டுக்கிட்டே அறியாமல் செய்த பிழைன்னு எழுதியிருக்காரு. எழுதிட்டு ஒண்ணும் நடக்காத மாதிரி அன்னைக்கு ராத்திரியும் போன் பண்ணாரு, சாப்பிட்டியா மக்களேன்னு. அஞ்சு நாளா அவ போன எடுக்கல. எடுத்தா என்ன கேக்குறது? உலகத்துல எவன்கிட்டயும் கேக்க வாய் இருக்கு, அவர்கிட்ட மட்டும் கேள்வி வரல. சரி, அது அவரு போட்ட கையெழுத்து. என்னது இல்ல. நான் சொல்லல, நான் கேக்கல, எனக்குத் தெரியாது. அதிகாரம் குடுக்காம ஒருத்தன் உன் பேருல ஒண்ணச் செஞ்சா அது உன்னக் கட்டுப்படுத்தாது, ஒப்பந்தச் சட்டம், இன்னைக்குப் பேப்பர்லயே வந்திருக்கும். அதுக்கு அடுத்த பக்கமும் இருக்கே. ராட்டிஃபிகேஷன். உன் பேருல செஞ்சது உனக்குத் தெரிய வந்ததுக்கு அப்புறமும் நீ மறுக்காம, வாய மூடிக்கிட்டு அதோட பலன வச்சுக்கிட்டேன்னா, அது ஆரம்பத்துல இருந்தே நீ செஞ்சதுதான். இத அவளுக்குச் சொல்லிக் குடுத்தவனே இசக்கி. மொட்டை மாடியில உக்காந்து, மாங்கா தின்னுக்கிட்டு. "எளுப்பமா ஞாபகம் வச்சுக்க ஏட்டி. உங்கப்பன் உனக்குத் தெரியாம மாப்பிள்ள பேசிட்டான். உனக்குத் தெரிஞ்சு போச்சு. தெரிஞ்சும் அவன் எடுத்துக் குடுத்த சேலையக் கட்டிட்டு மினுக்குனன்னு வையி, அப்புறம் எனக்குச் சம்மதம் இல்லன்னு சொல்லப்பிடாது. சேலையக் கட்டிட்டல்லா?" மினுக்குறதுதான். வேற என்ன. வியாழக்கெழமைல இருந்து இன்னைக்கு வரைக்கும் மினுக்கிட்டுத்தான் இருக்கேன்.

அப்ப இசக்கிக்குத் தெரியுமா? எத்தன தடவ சுத்தி வந்தாலும் கடைசில இங்கதான் வந்து முட்டுது. பிரின்சிபல் அவன உள்ள கூப்பிட்டு என்ன சொல்லியிருப்பாரு. பத்து நிமிசம் என்ன பேசியிருப்பாரு. ஃபைல்ல அப்ப ஒண்ணே ஒண்ணுதான் இருந்திருக்கும். திருப்பிக் காட்டியிருப்பாரு, பாருப்பா, உங்க தலைவியே எழுதிக் குடுத்துட்டா, நீ எதுக்குப் படிப்பக் கெடுத்துக்குற. இசக்கி படிச்சிருப்பான். என் மகள் விண்ணரசி. படிச்சுட்டு வெளிய வந்து, அவளப் பாத்துக்கிட்டு நின்னான்ல, வாயத் தொறந்தான்ல, அப்பவே சொல்லியிருக்கலாம், நீ எழுதலியாட்டின்னு ஒரு கேள்வி கேட்டிருந்தா முந்நூறு பேருக்கு முன்னால அவ கத முடிஞ்சிருக்கும். எங்கம்மா வந்திருக்கான்னான். அதுக்கு அவ முந்தானை கிந்தானைன்னு ஆடினா. அவன் கேட்டுக்கிட்டு, பக்கெட்டோட கைப்பிடியச் சரி பண்ணிட்டுப் போனான். இல்ல, அப்படி இருக்காது. காட்டியிருக்க மாட்டாங்க. அப்பாகிட்ட யாருக்கும் தெரியாதுன்னு சத்தியம் பண்ணியிருப்பாங்கல்ல, காட்டியிருக்க மாட்டாங்க. அவனுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அவ பேசின பேச்சுக்கு எவனும் சும்மா இருக்க மாட்டான். அவ இருந்திருக்க மாட்டா. அவளா இருந்தா அந்தத் தாள மைக் இல்லாமலே மனப்பாடமா ஒப்பிச்சிருப்பா. அதனால அவனுக்குத் தெரியாது. அவன் பயந்தாங்கொள்ளி, மொதல்ல எழுதினவன், அவன் பேரு வரும் பாட்டுல. ஊரே கேக்கும். நாளைக்கு அவன் கறுப்பு கோட்டு மாட்டிக்கிட்டுப் போனாலும் எவனாவது பின்னால இருந்து இந்த வரியப் பாடுவான். பாடட்டும். பாடணும். அதுக்குத்தான எழுதினது.

கதவத் தொறந்துக்கிட்டு தணிகை அண்ணனே உள்ள வந்துட்டாரு, கையில வெந்நீரு. "இந்தா குடி. ஒண்ணு செய்யலாம். நீ கேள்விய மட்டும் பாடிடு, எட்டு எண்ணிக்கை விட்டபடியே விடு, கோவமாவே பாடு, எனக்கும் உன்னோட மெதுவாப் பாடுறது அலுத்துப்போச்சு. அப்புறம் அத ஹெட்ஃபோன்ல ஓட விடுறேன். கேட்டுக்கிட்டு நீ பதில மட்டும் தனியாச் சொல்லு. மேல ஒட்டிக்கலாம்." "ஒரு குரலுதான் இருக்கணும்னு சேனல்ல சொன்னாங்க." "ரெண்டுமே உன் குரலுதான? ஊர்ல நெறைய பேரு கேள்வியும் அவங்களே பதிலும் அவங்களேதான். உனக்கென்ன?" அது அவளப் பாத்துச் சொன்னதா, சும்மா சொன்னதா தெரியல, ஆனா கோவம் வந்துச்சு, கோவம் வந்ததும் நல்லா இருந்துச்சு, கிடாரத் தூக்கினா. அஞ்சாவது டேக்கு. கத்தினா. வலைக்குப் பின்னால மைக்கு நடுங்குச்சோ என்னமோ, அண்ணன் சத்தம் குறைக்கிற பட்டனத் திருப்பினாரு, தடுக்கல. கொழாயில தண்ணி வருதா! கேக்குறது யாரு! போர்ட்டிகோல பாடின குரலு, ஸ்ட்ரைக்கு முடிஞ்சதுல இருந்து தொண்டையிலயே கெடந்த குரலு, அது அப்படியே வந்துச்சு. மொதக் கையெழுத்து யாரோடது! எட்டு எண்ணிக்கை கம்பிய அறைஞ்சா. ஒரு கம்பி விரல அறுத்துச்சு. முடிச்சா. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணன் ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிக் கும்பிட்டாரு. "இதத்தானம்மா காலைல இருந்து பதுக்கி வச்சிருந்த. இப்ப கிடார வச்சுட்டு எந்திரிச்சு நில்லு. ஓட விடுறேன். அந்த எடம் வந்ததும் பேரு."

கிடாரக் கீழ வச்சுட்டு எந்திரிச்சா. கைக்கு வேல இல்லாமப் போச்சு. எங்க வைக்கிறதுன்னு தெரியாம ஹெட்ஃபோன ரெண்டு பக்கமும் பிடிச்சுக்கிட்டா. ஓட ஆரம்பிச்சுச்சு. அவ தன் குரல இத்தன கிட்டத்துல கேட்டதே இல்ல. பாடுறப்ப அது வெளிய போகும், வேற எங்கயாவது போய் விழும். இப்ப அது வந்துக்கிட்டு இருக்கு. ரெண்டு காதுலயும் வாய வச்சுக்கிட்டு ஒருத்தி கேக்குறா. கேக்குறது யாரு. எவ இவ? இவ்வளவு நிச்சயமா? அந்தக் கேள்வியில கேள்வியே இல்ல, பதில கைல வச்சுக்கிட்டு, எதிராளி தடுமாறட்டும்னு நிக்குற குரலு. சாட்சியக் கூண்டுல ஏத்திட்டு வக்கீலு கேப்பானே, அந்த மாதிரி. இப்படியா இருந்துச்சு? முந்தானைக்குள்ள போயி ஒளிஞ்சுக்கன்னப்ப அவன் காதுக்கு இப்படியா வந்துச்சு? அந்த அம்மாவுக்கு, கைல பையோட நின்ன அம்மாவுக்கு? கூடி நின்ன கூட்டம் எங்க. அவளுக்குப் பின்னங்கழுத்து குளுந்துச்சு, ஏசி அமத்துன ரூமுல. நீ எங்க, உன்னத்தான் கேக்குறேன்னு அவ அவளயே கேக்குற மாதிரி, போடி, நான் எதுக்கு உனக்குப் பதில் சொல்லணும், நீ யாருடி கேக்குறதுக்குன்னு உள்ளுக்குள்ள ஒண்ணு எகிறுச்சு, மொத தடவையா அவ கூட்டத்துப் பக்கம் நின்னுக்கிட்டு இருந்தா, அந்தத் தொண்டைக்கு எதுத்தாப்புல, அடி வாங்குற பக்கம். மொதக் கையெழுத்து யாரோடது. கம்பி. ஒண்ணு ரெண்டு. இப்ப சொல்லணும். மூணு நாலு. பேரு நாக்குலதான் இருக்கு, நாலே நாலு எழுத்து, இ. அஞ்சு. ஆறு. தெரியும். அவனுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சும்மா போனான். "நான்."

ஓடுனது நின்னுச்சு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணன் பேப்பரப் பாத்தாரு, அவளப் பாத்தாரு, பட்டன அமுக்கினாரு. "பேப்பர்ல வேற பேரு இருக்குதே." "அடிச்சிருங்கண்ணே." "நான்னா, யாரு? நீயா?" "வேற எவ இருக்கா இங்க?" அந்தக் கோவம் தன் மேல இல்லன்னு அவருக்கே தெரிஞ்சிருக்கும். தொழில்காரரு, தொழிலப் பேசினாரு. "நல்லாத்தான் விழுந்திருக்குது. ஆனா ஒல்லியா இருக்குதும்மா. கேள்வி யானை மாதிரி வருது, பதிலு எலிக்குஞ்சு மாதிரி. ஒரு எட்டு தடவ சொல்லிடு, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கிடுறேன், கூட்டமே சொல்ற மாதிரி ஆயிடும்." எட்டு பேரு. கூட்டத்துக்குள்ள போயி நின்னுக்கலாம். எட்டு நான் சேந்தா ஒரு நாங்க ஆயிடும், அதுல எது எந்த நான்னு எவனுக்குத் தெரியப் போகுது. எவ்வளவு வசதி. அப்பா எழுதின தாள் மேல, பின்னால எழுதிக் குடுத்தவங்களோட எரநூத்திப் பன்னெண்டு மன்னிப்புத் தாள அடுக்கின மாதிரி. "வேணாம்ணே." "தனியாத் தெரியும்." "தெரியட்டும்." "சேனல்காரங்க உன் பேருக்குக் கீழ என்னமோ போடணும்னாங்களே, அதுக்கும் இதுக்கும்..." "அத எடுக்கச் சொல்லி நான் சண்ட போட்டுக்குறேன். என்கிட்ட விடுங்க, சண்ட போடுறதுக்கு எனக்கு ஆள் வேணாம்." "அது தெரியுது," ன்னாரு. "சரி. சேஃப்டிக்கு இன்னொண்ணு எடுத்துடலாம்." "எதுக்கு?" "எல்லாருக்கும் எடுக்குறதுதாம்மா. ஒண்ணு கெட்டுப்போனா இன்னொண்ணு இருக்கணும்ல." அவ வாயத் தொறந்தா, என்ன சேஃப்டி, யாருக்கு சேஃப்டி, ஒரு தடவ வந்ததே வந்திருக்கக் கூடாத எடத்துல இருந்து வந்துச்சு, அத மறுபடியும் எப்படிண்ணே வரவைக்கிறதுன்னு கேக்குறதுக்குள்ள அந்த மனுசன் ஓட விட்டுட்டாரு. அதே குரலு. அதே நிச்சயம். அவளுக்கு அந்தக் குரலு மேல அப்படி ஒரு ஆத்திரம் வந்துச்சு, ஓடிப் போயிடலாம்னும் தோணுச்சு, கதவு நாலடி தள்ளித்தான் இருக்கு. மொதத் தடவ சொன்னதுக்கு நாளைக்கு வாதாடலாம். வாய் தவறிடுச்சு, வேர்வை, மயக்கம், சூடான ரூமு, காலைல இருந்து பாடிக்கிட்டே இருந்தேன், எந்தக் கோர்ட்டுலயும் நிக்கும் அந்த வாதம். ரெண்டாவது தடவைக்கு ஒரு வாதமும் கெடையாது. மொதக் கையெழுத்து யாரோடது? ஒண்ணு, ரெண்டு, அவ எட்டு வரைக்கும் விடல, மூணுலயே, அந்தக் கேள்வியோட மூஞ்சியில திருப்பி அடிக்கிற மாதிரி, இருக்குற தொண்ட முழுசையும் தொறந்து, நான்னு சொன்னா.